கடலாமையும் கரை நண்டும்

இதுவரை நான் வாங்கிய ஒரே முதல் பரிசு ஓர் எவர்சில்வர் டிபன் டப்பா. மூடியில் ஆமைப் படம் ஒட்டியிருந்தது. இரண்டாம் முறை கழுவியபோதே ஆமை உரிந்து தண்ணீரோடு போய்விட்டது. ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது பேச்சுப் போட்டியில் வாங்கியது. தலைப்பு, 'கடலாமையும் கரை நண்டும்: ஓர் ஒப்பீடு'. பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு தலைப்பைக் கொடுக்க எந்த டீச்சருக்கு மனம் வரும் என்று கேட்கலாம். கோடியக்கரைக்குப் பக்கத்தில் இருந்தது அந்த ஊர். பள்ளிக்கூடத்துக்கு வெளியே வந்தால் காலில் தட்டுப்படுகிற ஜீவன்கள் இவை இரண்டும்தான்.

அது என் ஊர் இல்லை, சித்தியின் ஊர். நாங்கள் மன்னார்குடிப் பக்கம், நெல் விளைகிற பூமி. வேலைக்குப் போன வயலில் அப்பாவைப் பாம்பு கடித்துச் சாகடித்தபோது எனக்கு நாலு வயது. அந்த வருஷமே அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குக் கிளம்பினாள். கிளம்புகிற வழியில் என்னைத் தன் தங்கை வீட்டில் இறக்கிவிட்டுப் போனாள். கொஞ்ச நாளைக்குத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தக் கொஞ்ச நாள் ஆறு வருஷம் நீண்டது. சித்தப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. சித்தி நண்டு கம்பெனியில் வேகவைத்த நண்டை உடைத்துச் சதை எடுப்பாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. நண்டு ஓடு கீறிக் கீறி சித்தியின் விரல்நுனிகள் சொரசொரப்பாக இருக்கும். அந்தக் கையால் முதுகைத் தேய்த்துவிட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

வெள்ளிக்கிழமைதோறும் அம்மாவிடமிருந்து போன் வரும். சித்தப்பாவின் போனைக் காதில் வைத்தால் முதலில் இரைச்சல் கேட்கும். பிறகு, "சாப்ட்டியா? நல்லாப் படிக்கிறியா? சித்தி சொல்றத கேக்குறியா?" மூன்று கேள்வியும் எப்போதும் அதே வரிசையில் வரும். நானும் வரிசை மாறாமல் ம், ம், ம் என்பேன். அதற்குள் அந்தக் குவைத்து வீட்டில் யாராவது அவளைக் கூப்பிட்டுவிடுவார்கள். நடுவில் ஒரே ஒரு முறை, எனக்கு ஏழு வயதாக இருந்தபோது, ஒரு மாத லீவில் வந்து போனாள். என் தலையை வாரிவிட உட்கார்ந்தவள் வகிடு எந்தப் பக்கம் எடுப்பது என்று சித்தியைக் கேட்டாள். அந்த ஒரு மாதத்தில் என் நினைவில் நன்றாக நிற்பது அதுதான்.

இரண்டாம் முறை வந்தது மாசிக் கடைசியில். ஒன்றுக்கு இரண்டு பெட்டிகள் கொண்டுவந்தாள். பால்பவுடர், பேரீச்சம்பழம், கோடாலித் தைலம், வேர்த்து ஊற்றுகிற ஊரில் யாருக்கும் உதவாத ஒரு கனத்த கம்பளி. எனக்கு வெள்ளி ஜரிகை வைத்த நீலக் கவுன். அது என் தோளைத் தாண்டி இறங்கவில்லை.

"கடைக்காரன்கிட்ட கையால காட்டினேன், இவ்ளோ உயரம்னு" என்றாள் அம்மா, தரையிலிருந்து கையை உயர்த்தி. அவள் காட்டியது என் ஏழு வயது உயரம்.

சித்தி அந்தக் கவுனை வாங்கிக்கொண்டுபோய் இரண்டு பக்கமும் பிரித்தாள். தன்னிடமிருந்த நீல ரவிக்கைத் துணியைக் கிழித்து ஒட்டுக் கொடுத்துத் தைத்தாள். மறுநாள் எனக்குப் போட்டுவிட்டு, "பாரு, அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு. ஒங்கம்மாவுக்கு ஒன் அளவு தெரியாதா?" என்றாள். அம்மா விட்ட இடங்களையெல்லாம் இப்படி ஒட்டுப்போட்டு மூடுவது சித்திக்குப் பழகிய வேலை. எனக்கு அது எரிச்சலாக இருந்தது. கவுனைப் போட்டுக்கொண்டு முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் பேச்சுப் போட்டி வந்தது. எங்கள் பக்கத்துக் கடற்கரையில் முட்டையிடுவது பங்குனி ஆமை. வனத்துறைக்காரர்கள் அந்த முட்டைகளைச் சேகரித்து வேலிபோட்டு மணலில் புதைத்துக் காப்பாற்றி, குஞ்சு பொரித்ததும் கடலில் விடுவார்கள். அந்த வருஷம் குஞ்சு விடுவதை விழாவாகவே நடத்தப்போவதாகவும், அதில் பள்ளிப் பிள்ளைகள் பேச வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். டீச்சர் கரும்பலகையின் நடுவில் ஒரு கோடு போட்டு இந்தப் பக்கம் ஆமை, அந்தப் பக்கம் நண்டு என்று எழுதினார். இரண்டுக்கும் ஓடு உண்டு. ஆமை நேராகப் போகும், நண்டு பக்கவாட்டில் போகும். ஆமை நூறு முட்டையிட்டு மணலை மூடிவிட்டுக் கடலுக்குப் போய்விடும். நண்டு முட்டைகளைத் தன் வயிற்றிலேயே ஒட்டிவைத்துக்கொண்டு, பொரிகிற வரைக்கும் சுமந்து திரியும். ஆமைக்குஞ்சு கடலுக்கு ஓடும்போது கரை நண்டு அதைப் பிடித்துத் தின்னும். "இத வச்சு வீட்டுல எழுதி வாங்கிட்டு வந்துடுங்க" என்றார் டீச்சர்.

அவர் அப்படிச் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. எங்கள் பக்கத்தில் பேச்சுப் போட்டி என்றால் பிள்ளை பேசுவதில்லை. வீட்டில் விவரம் தெரிந்த யாராவது எழுதித் தருவார்கள், பிள்ளை மனப்பாடம் செய்து மூச்சு விடாமல் ஒப்பிக்கும். உண்மையான போட்டி அப்பாக்களுக்கும் மாமாக்களுக்கும் இடையில்தான். மேடையை விட்டு இறங்குகிற பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளி, 'யாரு எழுதிக் குடுத்தா?' என்றுதான் கேட்பார்கள். பிள்ளை தானாக ஒரு வரி சேர்த்துப் பேசும் என்று அங்கே யாரும் கனவிலும் நினைக்கமாட்டார்கள்.

எனக்கு எழுதித் தந்தது சித்தி. அம்மா பிறந்த வீட்டில் பன்னிரண்டாவது வரைக்கும் படித்தது அவள் ஒருத்திதான். அம்மா ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு நாற்று நடப் போனாள், தங்கை படிக்கட்டும் என்று. சித்தி இதை எனக்கு நூறு முறையாவது சொல்லியிருப்பாள். நோட்டிலிருந்து இரண்டு தாள் கிழித்து, குண்டு குண்டான எழுத்தில் எழுதினாள். ஆமை முட்டையிடும்போது அதன் கண்ணிலிருந்து நீர் வழியும் என்று எங்கிருந்தோ தெரிந்துவைத்திருந்தாள். கடைசிப் பத்தி இப்படி முடியும்: 'நண்டு தன் முட்டைகளைச் சுமக்கிறது. சுமந்துகொண்டே நீந்த ஆமையால் முடியாது. ஆகையால் கண்ணீரோடு மூடிவிட்டுப் போகிறது. எவ்வளவு தூரம் போனாலும் அது இந்தக் கரையை மறப்பதில்லை. அவையோரே, நண்டு நல்ல தாய் என்றால் ஆமையும் நல்ல தாயே.'

அம்மா சொந்தக்காரர்களைப் பார்க்க ஒரு வாரம் மன்னார்குடிப் பக்கம் போயிருந்தாள். அந்த ஒரு வாரமும் சாயங்காலம் நான் ஒப்பிப்பதும், சித்தி திருத்துவதும், சித்தப்பா சாப்பிட்டுக்கொண்டே கேட்பதுமாகப் போனது. நாலாம் நாள் சித்தப்பாவுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. கால் உப்பைக் கழுவிக்கொண்டே, "ஆமையும் நல்ல தாயே" என்று ராகம் போடுவார். அம்மா வந்த பிறகு அவள் காதில் விழாமல் கொல்லையில் வைத்து ஒப்பிக்கச் சொன்னாள் சித்தி. "அக்கா மொத மொத மேடையிலதான் கேக்கணும். ரொம்ப சந்தோஷப்படும்" என்றாள்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால், அம்மாவுக்குப் பிடிக்கும் என்று சித்தி சினை நண்டாகப் பார்த்து வாங்கிவந்திருந்தாள். கொல்லையில் அக்காவும் தங்கையும் உட்கார்ந்து நண்டு ஆய்ந்துகொண்டிருந்தார்கள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தேன்.

"இன்னும் ரெண்டு வருஷத்துக்கு ஒத்துக்கிட்டு வந்திருக்கேன்" என்றாள் அம்மா. "ஊர்ல அந்தக் கூரைய எடுத்துட்டு ஒரு தளம் போட்டுட்டா போதும். அப்பறம் வந்துடுவேன். எம்புள்ளைய நானே வச்சுக்குவேன்."

"நீ நிம்மதியாப் போயிட்டு வா. இவ எனக்குப் பாரமா என்ன?" என்றாள் சித்தி.

இரண்டு பெட்டிகளோடு வந்தவள் திரும்பிப் போகமாட்டாள் என்று நானாகவே ஒரு முடிவு கட்டி, அதை வகுப்பில் எல்லோரிடமும் சொல்லியும் வைத்திருந்தேன். இப்போது இன்னும் இரண்டு வருஷம் என்றால் அவள் அடுத்த முறை வரும்போது எனக்குப் பன்னிரண்டு வயது. யாரிடமோ கையால் உயரம் காட்டிப் பத்து வயதுக் கவுன் ஒன்று வாங்கி வருவாள். அம்மா போகக் கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அழுதால் நடக்காது என்று தெரியும், போன முறை அழுது பார்த்திருந்தேன். பத்து வயதில் எனக்குத் தெரிந்த பலமான ஆயுதம் ரோஷம். 'நீ ஒரு பயந்தாங்கொள்ளி' என்று சொன்னால் போதும், என் வகுப்புப் பையன்கள் கட்டெறும்பைக்கூட வாயில் போட்டுக்கொள்வார்கள். நாலு பேர் முன்னால் அம்மாவுக்கு ரோஷம் வரும்படி சொல்லிவிட்டால், நான் ஒன்றும் அப்படிப்பட்டவள் இல்லை என்று காட்டுவதற்காகவாவது அவள் இருந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். என் புத்திசாலித்தனத்தை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

விழா சாயங்காலம் நடந்தது. மணலில் பந்தல் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு, மைக் கட்டியிருந்தார்கள். ஆமைக்குஞ்சுகள் ஈரச் சாக்கு மூடிய தொட்டிகளில் காத்துக்கொண்டிருந்தன. அம்மா பளபளவென்று குவைத்துச் சேலை கட்டி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சித்தியும் சித்தப்பாவும் பின்னால் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சித்தியின் உதடுகள் என்னோடு சேர்ந்து அசைந்துகொண்டிருந்தது மேடையிலிருந்து தெரிந்தது. கடைசிப் பத்தி வந்ததும் நான் அம்மாவைப் பார்த்துச் சொன்னேன்.

"ஆமை முட்டையிட்டு மூடிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடும். அதன் குஞ்சு எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரியாது. எவ்வளவு உயரம் என்றுகூடத் தெரியாது. நண்டு தன் குஞ்சை விட்டு எங்கேயும் போகாது. அவையோரே, என் அம்மா ஆமை. என் சித்தி நண்டு. நன்றி, வணக்கம்."

நண்டு ஆமைக்குஞ்சைத் தின்னும் என்பதை நான் விட்டுவிட்டேன். என் ஒப்பீட்டுக்கு அது தோதாக இல்லை.

கைதட்டல் எழுந்தது. நடுவர்களில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தலைமை தாங்க வந்திருந்தவர் மைக்கைப் பிடித்து, இந்த வயதில் என்ன ஓர் உவமை என்று வியந்தார். அதோடு விட்டாரா? அந்தச் சித்தி இங்கே வந்திருந்தால் மேடைக்கு வர வேண்டும், அவர் கையாலேயே பரிசைக் கொடுக்க வேண்டும் என்றார். சித்தி பந்தல்காலை விடவில்லை. பக்கத்திலிருந்த பெண்கள் இழுத்துத் தள்ளி அனுப்பினார்கள். டிபன் டப்பாவை என் கையில் கொடுக்கும்போது சித்தி என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தாள். அம்மா கைதட்டிக்கொண்டிருந்தாள். அத்தனை பேர் தட்டும்போது அவள் மட்டும் தட்டாமல் எப்படி உட்கார்ந்திருப்பாள்.

அதன் பிறகு தொட்டிகளைச் சாய்த்துக் குஞ்சுகளை மணலில் விட்டார்கள். உள்ளங்கையில் அடங்குகிற கறுப்புக் குஞ்சுகள் துடுப்பால் மணலை அடித்து அடித்துக் கடலைப் பார்த்துப் போயின. நண்டு வந்தால் விரட்டுவதற்கு எங்களைக் குச்சியோடு நிறுத்தியிருந்தார்கள். எனக்கு இரண்டடி தள்ளி ஒரு நண்டு வளையிலிருந்து வெளியே வந்து, ஒரு குஞ்சின் கழுத்தைக் கவ்விப் பின்னோக்கி இழுத்தது. நான் குச்சியோடு பார்த்துக்கொண்டே நின்றேன். அம்மா எங்கிருந்து வந்தாள் என்று தெரியவில்லை. அந்தச் சேலையோடு மணலில் மண்டிபோட்டு, வளைக்குள் கையை விட்டுக் குஞ்சைப் பிடுங்கினாள். நண்டு அவள் விரலைக் கவ்விக்கொண்டு தொங்கியது, உதறினாள்.

"கையில தொடாதீங்கம்மா, அது தானாப் போகணும்" என்றார் வனக் காவலர்.

"தானாப் போகட்டும்னு விட்டா இன்னேரம் செத்துருக்கும் சார்" என்றாள் அம்மா. முழங்கால் தண்ணீர் வரைக்கும் இறங்கிப்போய், அலை வந்து குஞ்சை எடுத்துக்கொள்கிற வரைக்கும் குனிந்தபடியே நின்றாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது அவள் யாரோடும் பேசாமல் முன்னால் நடந்தாள். ரோஷம் வேலை செய்கிறது என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

வீட்டுக்குள் வந்ததும் அம்மா பெட்டிமேல் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டாள். நண்டு கடித்த விரலில் ரத்தம் உறைந்திருந்தது.

"யாருடி எழுதிக் குடுத்தா?"

அவள் குரலில் கோபம் இல்லை. சந்தேகம்கூட இல்லை. ஊரே கேட்கிற கேள்விதான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. நான் நினைத்து வைத்திருந்த ரோஷம் அந்த முகத்தில் இல்லை. அடிபட்ட முகமாக இருந்தது.

"சித்திதான் எழுதிக் குடுத்துச்சு" என்றேன்.

அது பொய்யில்லை. அதைவிடப் பெரிய பொய்யை நான் இதுவரை சொன்னதும் இல்லை.

சித்தி விளக்குமாற்றோடு வாசல் நடையில் நின்றாள். என்னைப் பார்த்தாள். அப்புறம் அம்மாவைப் பார்த்து, "ஆமாக்கா, நான்தான் எழுதினேன். தப்பா எடுத்துக்காத" என்றாள்.

"இல்ல, புள்ளைக்கு எழுதினது வந்து..." என்று சித்தப்பா வாயெடுத்தார்.

"நீங்க சும்மா இருங்க. நான்தான் எழுதினேன்னு சொல்றேன்ல" என்றாள் சித்தி. சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டார்.

"ஒன்னப் படிக்க வக்கத்தான்டி நான் நாத்துக்கட்டு தூக்கினேன்" என்றாள் அம்மா. "அந்தப் படிப்ப வச்சு ஊரக் கூட்டி என்னயே அசிங்கப்படுத்திட்ட. எம்புள்ள வாயாலயே. இத்தன வருஷமா இதத்தான் அவளுக்குச் சொல்லிக் குடுத்தியா?"

சித்தி விளக்குமாற்றைச் சாத்திவிட்டு உலை வைக்கப் போனாள். என் நோட்டுக்குள்ளிருந்து அந்த இரண்டு தாள்களையும் உருவி, சுருட்டி, கருவை விறகுக்கு அடியில் செருகித் தீக்குச்சியைக் கிழித்ததை நான் கதவோரம் நின்று பார்த்தேன். அம்மா எழுத்துக்கூட்டிப் படிப்பாள். தாள் கையில் கிடைத்திருந்தால் அந்தக் குண்டு எழுத்தைத் தடவித் தடவியாவது கடைசிப் பத்தி வரைக்கும் படித்திருப்பாள். தாள் எரிந்ததும் எனக்கு ஒரு பெரிய பாரம் இறங்கியது.

மறுநாள் காலை அம்மா என் துணிகளைத் தன் பெட்டி ஒன்றில் அடைத்து என்னைப் பஸ் ஏற்றினாள். சித்தி வாசல் வரைக்கும் வந்து நின்றாள், அதைத் தாண்டி வரவில்லை. நான் அழவில்லை. அம்மா என்னைத் தன்னோடு கூட்டிப் போகிறாள், என் கணக்கு பலித்துவிட்டது என்று இருந்தது எனக்கு. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டேன். மன்னார்குடியில் இறங்கிப் பள்ளிக்கூட ஹாஸ்டல் வாசலில் என் பெட்டியை இறக்கியபோதுதான் விஷயம் புரிந்தது. பதினைந்தாம் நாள் அம்மா விமானம் ஏறினாள். இரண்டு வருஷம் என்று போனவள் அப்புறம் எட்டு வருஷம் இருந்தாள். என்னை வைத்துப் பார்த்துக்கொள்ளத் தங்கை வீடு இல்லாததால் ஹாஸ்டலுக்கும் சேர்த்துச் சம்பாதிக்க வேண்டியிருந்தது.

சித்தி ஒரே ஒரு முறை ஹாஸ்டலுக்கு வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று பஸ் மாறி, நண்டு வறுவலோடு. அம்மா எழுதிக் கொடுத்த பட்டியலில் அவள் பெயர் இல்லை என்று கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். வார்டன் நல்ல மனுஷி. மாடிக்கு ஏறிவந்து, "ஒன் சித்தின்னு சொல்றாங்க. நீ பாக்கணும்னு சொன்னா அஞ்சு நிமிஷம் விடுறேன்" என்றார். சித்தி என்னைத் திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். வயிற்றுவலி என்று சொல்லிப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். வறுவல் மட்டும் மேலே வந்தது. அதை நான் ஒன்று விடாமல் தின்றேன்.

போன வருஷம் ஐப்பசியில் சித்தி இறந்துபோனாள். மஞ்சள்காமாலை முற்றிவிட்டதாகச் சித்தப்பா போனில் சொன்னார். நான் இப்போது தஞ்சாவூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறேன், அம்மா என்னோடு இருக்கிறாள். இத்தனை வருஷத்தில் அக்காவும் தங்கையும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. வாழப்போன பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிப் புடவை போட வேண்டும். சித்திக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருந்தது அம்மா ஒருத்திதான். அம்மா கடைக்குப் போய், அரை மணி நேரம் புரட்டி, நீலத்தில் ஒரு புடவை எடுத்தாள். அவளுக்கு நீலம்தான் பிடிக்கும் என்று கடைக்காரரிடம் சொன்னாள். அதை என்னிடம் கொடுத்து, "நீ போயி போட்டுட்டு வா" என்றாள். அவள் வரவில்லை.

கோடியைப் போர்த்திவிட்டு நான் வெளியே வந்து நின்றபோது சித்தப்பா பக்கத்தில் வந்தார்.

"அன்னைக்கே நான் சொல்லத்தான் பாத்தேன், ஒன் சித்தி விடல" என்றார். "'எம்மேல கோவம்னா அக்கா ஒரு வருஷம் திட்டும், அப்பறம் ஆறிடும். பெத்த புள்ளையே சொன்னதுன்னு தெரிஞ்சா அது எப்புடி அங்க போயி அடுத்தவ புள்ளைக்குச் சோறு ஊட்டும்'னு கேட்டுச்சு. ஒரு வருஷத்துல ஆறிடும்னுதாம்மா நெனச்சுது."

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

நான் திரும்பிவந்தபோது அம்மா கொல்லையில் வெந்நீர் எடுத்துவைத்திருந்தாள். சாவு வீட்டுக்குப் போனவள் குளித்துவிட்டுத்தானே உள்ளே வர வேண்டும். நான் குளித்து முடித்துத் தலையைத் துவட்டுகிற வரைக்கும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். பொட்டு வைத்திருந்தார்களா, கோடி எடுப்பாக இருந்ததா, யார் யார் வந்தார்கள் என்று கேட்டாள். சொன்னேன்.

"அவ ஏன்டி அப்புடி எழுதிக் குடுத்தா?" என்றாள். "நான் அவளுக்கு என்ன கொற வச்சேன்?"

நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன்.

"தெரியலம்மா."

சித்தி அன்றைக்கு 'ஆமாக்கா' என்றபோது, அக்காவுக்குப் பயந்துதான் அப்படிச் சொல்கிறாள் என்று நான் நினைத்தேன். பெரியவர்களுக்கும் பயம் வரும் போலிருக்கிறது என்று எனக்குக் கொஞ்சம் தெம்பாகக்கூட இருந்தது. அந்த வீட்டில் அன்று பயந்துபோயிருந்தது நான் ஒருத்திதான் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.